ஒரே கார்டில் இருந்த பணம்: சிங்கப்பூர் விடுமுறையில் ஒரு குடும்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2025 மே மாதம், பள்ளி விடுமுறையில், திருச்சியிலிருந்து ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று ஆறு நாள் பயணமாகச் சிங்கப்பூர் வந்தது. ஓய்வுபெற்ற தம்பதி, அவர்களின் மகன், மருமகள், எட்டு வயதுப் பேரன். மகனின் தங்கை வேலை அனுமதியில் தெம்பனிஸில் குடியிருக்கிறார். அவருடைய வாடகை வீட்டில் ஐந்து பேருக்கு இடமில்லை என்பதால் காத்தோங் பக்கம் கடற்கரைக்கு அருகில் ஒரு விடுதியில் இரண்டு அறைகள். வாடகை இணையத்தில் முன்கூட்டியே கட்டப்பட்டுவிட்டது.

பணத்துக்குக் குறை இல்லாத பயணம் இது. ஆனால் மூன்றாம் நாள் காலை, கணக்கில் பணம் இருந்தும் ஐந்து பேரும் செந்தோசா கேளிக்கைத் தீவில் நுழைவுச்சீட்டு வாங்க முடியாமல் நின்றார்கள். அந்த நிலைக்கு எப்படி வந்தார்கள், எப்படி மீண்டார்கள் என்பதே இந்தப் பதிவு. தொகைகள் குடும்பத்தின் ரசீதுகளிலிருந்தும் கார்டுக் கணக்கிலிருந்தும் எடுத்தவை. அந்த வாரம் ஒரு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், சுமார் 66 ரூபாய், ஓர் அமெரிக்க டாலர் சுமார் 1.29 வெள்ளி.

புறப்படுமுன்

மகன் உள்ளூர் முகவரிடம், வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று வாங்கி 1,500 அமெரிக்க டாலர் ஏற்றினார். 'டாலர் போட்டா எங்கயும் ஓடும் சார்' என்று முகவர் சொன்னது பொய்யில்லை, ஓடும். ஆனால் கார்டுக்குள் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனிக் கணக்கு, அதாவது 'பை', உண்டு. அமெரிக்க டாலர் பையில் இருக்கும் பணத்தைக் கொண்டு சிங்கப்பூர் வெள்ளியில் கட்டும்போது ஒவ்வொரு முறையும் நாணய மாற்றுக் கட்டணம் பிடிக்கப்படும். இந்தக் கார்டில் அது 3.5 விழுக்காடு. அதே கார்டில் சிங்கப்பூர் வெள்ளிக்கென்று தனிப் பை இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, முகவரும் சொல்லவில்லை.

இது போக மகனிடம் ஒரு கிரெடிட் கார்டு, மருமகளிடம் வங்கி டெபிட் கார்டு, பெரியவரிடம் உள்நாட்டு ரூபே கார்டு, கையில் 300 வெள்ளி ரொக்கம், 20,000 ரூபாய். இந்திய ரூபாயை ஒருவர் 25,000 வரை வெளியே கொண்டுபோகலாம், அதனால் அதில் சிக்கல் இல்லை.

மகன் வங்கிச் செயலியில் கிரெடிட் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கினார். ஆனால் ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிக்குப் பிறகு இது ஒரே பொத்தானாக இல்லை. ஏடிஎம், கடை இயந்திரம், இணையம், தொட்டுக் கட்டுவது என்று நான்கு தனிப் பொத்தான்கள். புதுக் கார்டில் வெளிநாட்டுக்கான நான்கும் மூடியே வரும். அவர் கடை இயந்திரத்தையும் இணையத்தையும் திறந்துவிட்டு, தொட்டுக் கட்டுவதை விட்டுவிட்டார். மருமகளின் கார்டில் எதுவுமே திறக்கப்படவில்லை.

ஒன்றை மட்டும் தங்கை சரியான நேரத்தில் தடுத்தார். சிங்கப்பூர் வருகை அட்டையை நிரப்ப அண்ணன் தேடிப் பிடித்த தளம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்டது. குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் அது இலவசம், வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும்.

முதல் நாள்: விடுதி மேசை, எம்ஆர்டி வாசல்

விடுதியில் பதிவு செய்யும்போது டெபாசிட்டுக்கு ஒரு கார்டு கேட்டார்கள். 'கிரெடிட் கார்டு அவசரத்துக்கு' என்று மகன் ஃபாரெக்ஸ் கார்டை நீட்டினார். இந்தப் பயணத்தில் அதிக விலை கொடுக்க வைத்த முடிவு இதுதான். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 100 வெள்ளி வீதம், இரண்டு அறை, ஐந்து இரவு, ஆக 1,000 வெள்ளி பிடித்துவைக்கப்பட்டது. மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்துக் கார்டு நிறுவனம் ஒதுக்கியது ஏறத்தாழ 1,035 வெள்ளிக்கு நிகரான டாலர்.

இது செலவு அல்ல, திரும்பி வரும். கிரெடிட் கார்டாக இருந்தால் கடன் வரம்பில் ஒரு பகுதி சில நாள் குறையும், அவ்வளவுதான். ஃபாரெக்ஸ், டெபிட் கார்டுகளில் சொந்தப் பணமே முடங்கும். மேசையில் கொடுத்த சீட்டில் தொகை தெளிவாக இருந்தது. 'டெபாசிட்தானே' என்று மடித்துப் பையில் வைத்துவிட்டார்கள்.

மாலையில் எம்ஆர்டி, அதாவது நகர ரயில். கிரெடிட் கார்டைத் தொட்டதும் வாசல் சிவப்புக் காட்டியது. வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்ட கார்டு இங்கே ஏன் மறுக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. காரணம் மேலே சொன்ன மூடிய பொத்தான். அது ஓடியிருந்தாலும் ஒரு கார்டைக் கொண்டு ஐந்து பேர் போக முடியாது. ஆளுக்கொரு கார்டு வேண்டும், உள்ளே போகும்போது தொட்ட அதே கார்டைத்தான் வெளியே வரும்போதும் தொட வேண்டும். கைப்பேசியில் ஏற்றிய கார்டும் பையில் உள்ள அதே பிளாஸ்டிக் கார்டும் வாசலுக்கு இரண்டு வேறு கார்டுகள்.

நிலையத்திலேயே ஐந்து ஈசிலிங்க் அட்டைகள் (பணம் ஏற்றிக்கொள்ளும் பயண அட்டைகள்) வாங்கினார்கள். ஒவ்வொன்றிலும் 5 வெள்ளி அட்டையின் விலை, அது திரும்பாது. வெளிநாட்டு வங்கிக் கார்டைத் தொட்டுப் போனால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம். எட்டு நாளுக்குள் முடியும் பயணத்தில் 60 காசுதான் மலிவு. ஆனால் இங்கே வித்தியாசம் சில வெள்ளிதான். தாத்தா, பாட்டி, பேரன் மூவருக்கும் எப்படியும் அட்டை தேவைப்பட்டது. பேரனுக்கு ஏழு வயது கடந்துவிட்டதால் சிறுவர் இலவசப் பயணம் பொருந்தவில்லை. இந்தச் செலவைப் பற்றி அலட்டிக்கொள்ளத் தேவையில்லை.

இரண்டாம் நாள்: உணவங்காடியும் ரூபாய்த் திரையும்

பகலில் கரையோரப் பூந்தோட்டங்கள். பிறகு சிராங்கூன் சாலையில் சாமான்கள், டாக்சி, ஏடிஎம்மில் 200 வெள்ளி. இவை எல்லாம் ஃபாரெக்ஸ் கார்டில். இரண்டு நாளில் மொத்தம் 646 வெள்ளி, அதன் மேல் மாற்றுக் கட்டணம் சுமார் 23 வெள்ளி. செலவானதை மகன் குறித்துவைத்தார், பிடித்துவைத்ததைக் குறிக்கவில்லை. அவர் கணக்கில் கார்டில் இன்னும் 1,250 வெள்ளிக்கு மேல் இருந்தது. உண்மையில் இருந்தது 230.

அன்று மதியம் சிராங்கூன் சாலை உணவகம் ஒன்றில் சாப்பாடு. பட்டியல் விலைப்படி 86 வெள்ளி. விலைகளுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள். முதல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இரண்டாவது அதையும் சேர்த்த தொகை மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 86 வெள்ளி 94.60 ஆகி, 103.11இல் முடிந்தது. சேவைக் கட்டணம் வாங்கியாகிவிட்டது, இங்கே டிப்ஸ் வழக்கமும் இல்லை. பெரியவர் தட்டில் வைத்த ஐந்து வெள்ளியைப் பணியாளரே திருப்பித் தந்தார்.

கிரெடிட் கார்டைச் செருகியதும் திரையில் இரண்டு வரி: மேலே 7,180 ரூபாய், கீழே 103.11 வெள்ளி. தெரிந்த நாணயமாக இருக்கிறதே என்று மகன் ரூபாயை அமுக்கினார். அந்த விகிதம் கடைக்காரரின் கட்டணச் சேவையாளர் வைப்பது, சந்தை விகிதத்தைவிட 5.5 விழுக்காடு கூடுதல். பல இந்திய வங்கிகள் போல இவருடைய வங்கியும், ரூபாயில் கட்டினாலும் கடை வெளிநாட்டில் இருப்பதால் 1 விழுக்காடும் அதன் மேல் வரியும் பிடித்தது. ஆக 7,265 ரூபாய். வெள்ளியை அமுக்கியிருந்தால் 6,805 ரூபாயும் வங்கியின் 3.5 விழுக்காடு கட்டணமும் அதன் மேல் 18 விழுக்காடு வரியும் சேர்ந்து 7,086.

வித்தியாசம் 179 ரூபாய். 'ரூபாயில் கட்டினால் கொள்ளை' என்று பலரும் சொல்வது சாதாரண இந்தியக் கார்டைப் பொறுத்தவரை கொஞ்சம் மிகை. வங்கிக் கட்டணமே இல்லாத கார்டு வைத்திருப்பவருக்குத்தான் இதே சாப்பாட்டில் சுமார் 375 ரூபாய் போகும். எந்தக் கார்டாக இருந்தாலும் வெள்ளியை அமுக்குவதே சரி. பணியாளரே அமுக்கிவிட்டால், கையெழுத்துக்கு முன் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். பிறகு மாற்ற முடியாது.

இரவில் கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் கரையோர உணவங்காடி. ஐந்து பேருக்கும் தங்கைக்கும் சாத்தே, மீ, கரும்புச்சாறு என்று 46 வெள்ளி. கடை முகப்பில் பெரிய கியூஆர் குறியீடு. ஊரில் டீக்கடை முதல் யுபிஐயில் கட்டிப் பழகிய மகன் கைப்பேசியை நீட்டினார், செயலி ஏற்கவில்லை. ஒரே சதுரத்தில் பல கட்டண முறைகளை அடக்கிய எஸ்ஜிகியூஆர் அது, 2018இல் வந்தது. அந்தக் கடையின் குறியீட்டுக்குள் இருந்தது பேநவ் என்ற உள்ளூர்ப் பணப்பரிமாற்ற முறை, அதற்குச் சிங்கப்பூர் வங்கிக் கணக்கு வேண்டும். 2023 பிப்ரவரியில் யுபிஐயும் பேநவ்வும் இணைக்கப்பட்டது உண்மை. ஆனால் அது ஆளுக்கு ஆள் பணம் அனுப்புவதற்கு, சாத்தேக் கடையில் கட்டுவதற்கு அல்ல. யுபிஐ சின்னம் தனியாக ஒட்டிய கடைகளில் மட்டும், செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிய பிறகு, கட்டலாம்.

தங்கை பேநவ்வில் கட்டினார். அன்றிரவே அண்ணியின் நோட்டில் 'தங்கச்சிக்கு: 46' என்று முதல் வரி விழுந்தது. பின்னால் இந்த நோட்டுதான் கணக்கு முடிக்க உதவியது.

மூன்றாம் நாள்: செந்தோசா

விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்திலிருந்து செந்தோசா ரயில், ஆளுக்கு 4 வெள்ளி. திரும்பும்போது கட்டணம் இல்லை. நடைபாலம் வழியாக நடந்தே போனால் போகும்போதும் இல்லை. பாட்டிக்கு முழங்கால் வலி, ரயிலில் போனார்கள்.

கேளிக்கைப் பூங்காவின் ஐந்து சீட்டுகளுக்கு 412 வெள்ளி. வரிசையைத் தவிர்க்க மகன் கைப்பேசியில் கிரெடிட் கார்டு போட்டு வாங்க முயன்றார். ஒருமுறைக் குறியீடு (ஓடிபி) இந்திய எண்ணுக்குப் போனது. அந்த சிம்மைக் கழற்றிவிட்டு விமான நிலையத்தில் வாங்கிய சுற்றுலா சிம்மைப் போட்டிருந்தார், இந்திய சிம் விடுதி அறையில் கண்ணாடிக் கூட்டுக்குள் கிடந்தது. மூன்று முறை முயன்றதில் அந்தக் கார்டின் இணையப் பயன்பாட்டை வங்கி தற்காலிகமாக நிறுத்தியது.

சீட்டுக் கவுன்டரில் ஃபாரெக்ஸ் கார்டு. 230 வெள்ளி இருப்பில் 412 எடுக்க முடியாது, மறுத்தது. இரண்டாவது முறையும் மறுத்தது. அதே கவுன்டரில் கிரெடிட் கார்டைச் செருகி ரகசிய எண் போட்டிருந்தால் ஓடியிருக்கும். கடை இயந்திரப் பயன்பாடு நிறுத்தப்படவில்லை. ஆனால் 'அதுதான் பிளாக் ஆயிடுச்சே' என்று அதை யாரும் எடுக்கவில்லை. இணையத்தில் மறுத்த கார்டு எங்குமே ஓடாது என்று எண்ணுவது இந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் செய்வது. மருமகளின் கார்டில் பொத்தான்கள் மூடியிருந்தன. பெரியவரின் ரூபே கார்டு உள்நாட்டுக்கு மட்டும்.

வேலையிலிருந்த தங்கையை அழைத்தார்கள். அவர் தன் கார்டில் வாங்கிச் சீட்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 'அண்ணா, ஹோட்டல்ல எந்தக் கார்டு குடுத்தீங்க?' என்று அவர் கேட்ட பிறகுதான் மடித்து வைத்த சீட்டு வெளியே வந்தது. ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

அன்று மாலை எடுத்த முடிவுகள்

முதலாவது, விடுதி மேசையில் டெபாசிட்டைக் கிரெடிட் கார்டுக்கு மாற்றக் கேட்டார்கள். விடுதி உடனே மாற்றி, ஃபாரெக்ஸ் கார்டு மேல் இருந்த பிடிப்பை விடுவித்த சீட்டையும் கொடுத்தது. ஆனால் விடுதி விடுவிப்பது வேறு, கார்டு நிறுவனம் பணத்தைத் திறந்துவிடுவது வேறு. பின்னதற்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். விடுவிப்புச் சீட்டில் உள்ள ஒப்புதல் எண்ணைக் கார்டு நிறுவனத்துக்கு அனுப்பினால் சில நேரம் விரைவுபடும். மகன் அன்றிரவே அனுப்பினார், பயணத்துக்குள் பலன் இல்லை. 1,000 வெள்ளி இனி இல்லை என்று வைத்துக்கொண்டு திட்டமிட முடிவானது. வரும் வரும் என்று காத்திருக்காமல் இப்படிக் கணக்குப் போட்டதை நல்ல முடிவு என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, இந்திய சிம் பழைய கைப்பேசிக்குப் போய் ரோமிங்கில் நின்றது. இணையம் வேண்டாம், குறுஞ்செய்தி வந்தால் போதும். சுற்றுலா சிம் மற்றதில். கிரெடிட் கார்டு, மருமகளின் கார்டு இரண்டிலும் தொட்டுக் கட்டும் பொத்தான் திறக்கப்பட்டது. வங்கியை அழைத்து இணையத் தடையும் நீக்கப்பட்டது.

மூன்றாவது, 20,000 ரூபாயை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் ஒரு நாணய மாற்றுக் கடையில் மாற்றி 292 வெள்ளி பெற்றார்கள். பலகை விகிதத்தை இரண்டு கடைகளில் பார்த்து, கையில் எவ்வளவு வரும் என்று கால்குலேட்டரில் காட்டச் சொல்லிக் கேட்டபின் கொடுத்தார்கள். இந்த ரொக்கம் உணவங்காடிக்கு மட்டும் என்று பாட்டியின் கைப்பையில் ஒதுக்கப்பட்டது.

நான்காம், ஐந்தாம் நாள்

இதன்பின் சிக்கல்கள் சிறியவை. ஐந்து பேருக்கு உணவங்காடியில் இரண்டு வேளை 60 முதல் 70 வெள்ளிக்குள் முடிந்தது. பொட்டலம் கட்டினால் டப்பாவுக்குச் சில காசு கூடுதல். பேரங்காடியில் பைக்குக் குறைந்தது 5 காசு, 2023 ஜூலையிலிருந்து.

ஐந்தாம் நாள் பாட்டி ஒரு பழச்சாற்றுக் கடையில் வாங்கிய சில்லறையில் 10 வெள்ளித் தாள் ஒன்று வேறு மாதிரி இருந்தது. முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் படத்துக்குப் பதில் வேறொருவர். கள்ள நோட்டு என்று பதறினார். அது புருணை நாணயம். 1967ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி புருணைத் தாளும் சிங்கப்பூர்த் தாளும் இங்கே சம மதிப்பில் செல்லும். அடுத்த கடையில் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார்கள். ஊருக்குக் கொண்டுபோனால் மாற்றுவது கடினம், இங்கேயே செலவழித்துவிட வேண்டும்.

பெரிய இழப்பு சத்தமில்லாமல் நடந்தது. பெரியவருக்குக் கையடக்கக் கணினி ஒன்று, 640 வெள்ளி. அண்ணனின் பணம் முடங்கியிருந்ததால் தங்கை நான்காம் நாள் வேலை முடிந்து வரும் வழியில் தானே வாங்கி வந்தார். சுற்றுப்பயணிகளுக்கு வரி திருப்பித் தரும் திட்டத்தில், வாங்கும்போதே பயணி நேரில் தன் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. மறுநாள் பில்லை மாற்றித் தரக் கேட்டபோது கடை மறுத்தது, அது நியாயமும்தான். 640இல் அடங்கிய வரி 52.84 வெள்ளி. கையாளும் கட்டணம் போக மீதி கைக்கு வந்திருக்கும்.

புறப்பாடு

பாட்டி ஐந்தாம் நாள் ஒரே கடையில் வாங்கிய வாசனைத் திரவியம் 62 வெள்ளி, கைக்கடிகாரம் 48 வெள்ளி. தனித்தனியே 100 வெள்ளியைத் தொடவில்லை. ஒரே நாளில் ஒரே கடையின் மூன்று ரசீதுகள் வரை சேர்க்கலாம் என்பதால் 110 ஆகித் தகுதி பெற்றது. சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்குமுன் தானியக்க முகப்பில் கடவுச்சீட்டை வைத்து விண்ணப்பித்தார்கள். பெட்டிக்குள் போகும் பொருளுக்கு இந்த வரிசை முக்கியம், சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். அதில் அடங்கிய வரி 9.08 வெள்ளி, கையில் வந்தது அதற்கும் குறைவு.

பிறகு நடந்தது

தங்கை கட்டியவை: உணவங்காடி 46, பூங்கா 412, கணினி 640, மற்றவை 118. மொத்தம் 1,216 வெள்ளி, சுமார் 80,250 ரூபாய். யுபிஐ - பேநவ் இணைப்பில் அனுப்பலாமா என்று யோசித்தார்கள். அதில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரம்பு, பெரியவரின் வங்கி அதில் சேர்ந்திருக்கவுமில்லை. தங்கைக்கு இந்தியாவில் இருக்கும் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) ரூபாயாகவே போட்டு முடித்தார்கள். அவருக்கு ஊரில் கட்டவேண்டிய காப்பீட்டுத் தவணை இருந்ததால் அதுவே வசதி.

விடுதிப் பிடிப்பு விடுவிக்கப்பட்ட ஒன்பதாம் நாள் பணம் கார்டில் திறந்தது. அப்போது அவர்கள் திருச்சியில். ஃபாரெக்ஸ் கார்டில் தேங்கிய தொகை 2,000 அமெரிக்க டாலருக்குள் இருந்ததால் உடனே ஒப்படைக்கும் கட்டாயம் இல்லை. முகவர் வாங்கும் விகிதம் விற்றதைவிடக் குறைவு என்பதால் ரூபாயாக மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

கையை விட்டுப் போனது என்று எண்ணக்கூடியது எழுபது, எண்பது வெள்ளிதான். பாதிக்கு மேல் அந்தக் கணினி வரி.

அடுத்த முறைக்கு மாற்றியவை

டிசம்பரில் மருமகளின் பெற்றோர் வருகிறார்கள். அவர்களுக்காக எழுதி வைத்திருப்பது இது. விடுதி டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டு மட்டும், சீட்டில் உள்ள தொகையை அங்கேயே படம் எடுத்துக்கொள்வது. ஃபாரெக்ஸ் கார்டில் சிங்கப்பூர் வெள்ளிப் பை. நான்கு பொத்தான்களையும் விமானம் ஏறுமுன் ஒவ்வொன்றாகப் பார்ப்பது, திரும்பி வந்ததும் மூடுவது. இரண்டு கார்டுகள் இரண்டு பேர் பையில். நாளொன்றுக்கு 70 வெள்ளி ரொக்கம் உணவங்காடிக்கு, 50 வெள்ளித் தாளைவிட 10 வெள்ளித் தாளாக. இந்திய சிம் எப்போதும் ஏதாவது ஒரு கைப்பேசியில். 100 வெள்ளிக்கு மேல் எதை வாங்கினாலும், யார் பணம் கொடுத்தாலும், பயணி கடவுச்சீட்டுடன் நேரில் நிற்பது. கார்டு ஓரிடத்தில் மறுத்தால், அதே கார்டை வேறு முறையில் ஒரு தடவை முயல்வது, இரண்டாம் தடவை அல்ல.